அரை பிளேடு

நான் ஒரு நூலகத்தில் திருடியிருக்கிறேன். புத்தகத்தை அல்ல, பழைய பேப்பரில் இரண்டு பத்தியை.

1993இல் கல்லூரியை முடித்த கையோடு, தனுஷ்கோடியைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்க வேண்டும் என்று ஆசை. 1964 டிசம்பர் மாதத்துக் காலை நாளிதழ்களை பைண்டு செய்து ஒரு நூலகத்தில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நூலகர் தூசி தட்டி, இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். "பார்த்துப் புரட்டுங்க தம்பி, அப்பளம் மாதிரி நொறுங்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயல், பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, அது தனுஷ்கோடியைத் தொடும் முன்பே கடலுக்குள் வாரிக்கொண்டு போனது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றிவிட்ட ஊர், ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம் எல்லாவற்றோடும் ஒரே இரவில் முடிந்தது. கேட்டு வளர்ந்த கதைதான். ஆனாலும் பழுப்பேறிய தாளில் சாவுக் கணக்கோடு பார்த்தபோது கை சும்மா இருக்கவில்லை. பார்த்து எழுதிக்கொள்ளப் பத்து நிமிஷம் போதும். என் நோட்டுக்குள் அரை பிளேடு இருந்தது. பென்சில் சீவ வைத்திருந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். வெட்டத்தான் கொண்டுபோனேன்.

பதற்றத்தில் செய்தியை மட்டும் வெட்டினேன். பக்கத்தின் தலையை விட்டுவிட்டேன். தேதி அங்கேதான் இருந்தது.

கட்டுரையை வாங்கிக்கொண்ட ஆசிரியர், எந்தத் தேதிப் பேப்பர் என்று கேட்டார். 'டிசம்பர் 23' என்று கூசாமல் எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்திருந்தால் என் பொய் எனக்கே உறைத்திருக்கும். பாம்பன் பாலம் சிதைந்து, தந்திக் கம்பிகள் அறுந்து, தீவே துண்டாகிக் கிடந்தது. புயல் அடித்த அந்த இரவிலேயே அச்சாகி விடியற்காலையில் வரும் பேப்பருக்குச் சாவுக் கணக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? புயல் செய்திகளில் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். தேதி தெரியாத கணக்கு, கணக்கிலேயே சேராது.

இதைக் கண்டுபிடித்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர். "23ஆம் தேதி காலைப் பேப்பரில் இது வந்திருக்க வழியில்லையே?" என்று கார்டு போட்டிருந்தார். கோபமில்லை, சந்தேகம்தான். நான் பதில் எழுதவில்லை.

மறுவருஷம் ஒரு பள்ளியின் ஆண்டு மலரில் ஒரு மாணவனின் கட்டுரையைப் பார்த்தேன். என் எண்ணிக்கை, என் தேதி, கீழே 'ஆதாரம்' என்று என் கட்டுரையின் பெயர். பையன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். பிறகு வேறொரு விழா மலர் அவனைப் பார்த்து எழுதியது. அதற்குள் என் பொய்க்கு இரண்டு சாட்சிகள் சேர்ந்துவிட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் துண்டை எடுத்துக்கொண்டு அந்த நூலகத்துக்கே போனேன். ஓட்டையில் பொருத்திப் பார்த்தால் தேதி தெரிந்துவிடும், மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று நினைப்பு. பழைய நூலகர் இல்லை. புதியவர் சொன்னார்: "அந்த வால்யூமா சார்? செல்லரிச்சு, பக்கமெல்லாம் கிழிஞ்சு கிடந்துச்சுன்னு கழிச்சுட்டாங்க." கிழிசலை ஆரம்பித்து வைத்தவனிடமே சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

துண்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கத்தைக் கூட அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். ஏதோ ஓர் ஊரின் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் முடிவு. ஜெயித்தவர் பெயரில் பாதி இருக்கிறது. ஊரின் பெயர் என் பிளேடுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

பழைய பள்ளி மலர் எதிலாவது, 'டிசம்பர் 23 காலை நாளிதழ்' என்ற ஆதாரத்தோடு தனுஷ்கோடியின் சாவுக் கணக்கு உங்கள் கண்ணில் பட்டால், அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தத் தேதி நான் இட்டுக்கட்டியது.