தாம்பரத்து முட்டை

"தாம்பரத்தில் பார்க்கத்தக்கதாக என்னதான் இருக்கிறது?" என்று வெளியூர் நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் தாம்பரம் ஸ்டேஷனில் வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து கொசுக்கடி பட்டவர்கள். ஆகையால் அவர்கள்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. ஆனால், சுமார் இருபது வருஷ காலமாக இந்தச் சுற்றுப்புறத்துப் பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயராக இருந்து வரும் நமக்கு ஒரு சின்னப் பைத்தியம் உண்டு. ரஸ்தாவில் நடக்கும்போது கடைகளைப் பார்ப்பதைவிடக் காலடியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பதே வழக்கம். இதனால் பல முறை சைக்கிள்காரர்களிடம் வசவு வாங்கியிருக்கிறோம். அது கிடக்கட்டும்.

சென்ற வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் துணிப்பை ஒன்றைச் சுமக்க மாட்டாமல் சுமந்து வந்து நம்முடைய மேஜைமேல் 'தொப்'பென்று வைத்தான்.

"சார், டைனோஸார் முட்டை!"

வகுப்பு முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. பையிலிருந்து வெளியே வந்தது உரித்த தேங்காயைவிடச் சற்றுப் பெரிய ஓர் உருண்டைக் கல். மேலே ஓடு போல ஒரு படை, அங்கங்கே உரிந்து, உள்ளே கருநீலமாகத் தெரிந்தது. ஸானடோரியத்தை அடுத்த பச்சைமலை அடிவாரத்தில் யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது அகப்பட்டதாம். கொத்தனாரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறான்.

"இது முட்டை இல்லை, தம்பி. வெறும் கல்" என்று சொல்லிவிட்டோம்.

நாம் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வகுப்பு 'கொல்'லென்று சிரித்தது. பையன் மறு நாளிலிருந்து கடைசிப் பெஞ்சிக்குக் குடிபோய்விட்டான். கல் நம் மேஜைக்கு அடியிலேயே கிடந்தது.

தாம்பரத்தில் ஏன் டைனோஸார் முட்டை கிடைக்காது என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அது ரஸமான சங்கதிதான். பச்சைமலையும், பல்லாவரம் குன்றும், திரிசூலமும், பரங்கிமலையும் ஒரே ஜாதிக் கல்லால் ஆனவை. அந்தக் கல்லின் வயது சுமார் 250 கோடி வருஷம். டைனோஸார்கள் உலகத்தில் தலை காட்டியதோ சுமார் 23 கோடி வருஷத்துக்கு முன்னால்தான். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருவான இந்தக் கல்லுக்குள் முட்டையும் எலும்பும் எப்படி இருக்கும்? பின், அந்த ஓடு? வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் இந்தப் பாறை மூலை மழுங்கி உருண்டையாகி, வெங்காயத்தைப் போலப் படை படையாக உரியும். முட்டை என்று எண்ணிய பையனைக் குறை கூறுவதற்கில்லை.

இந்தக் கல்லுக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவில் கும்பெனியாருக்குக் கோட்டையும் கொத்தளமும் அமைய அடிகோலிய ஜாப் சார்னோக் என்பவரின் சமாதியில் பதித்த கல், நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போன கல். ஹாலந்து என்ற பூதத்துவ சாஸ்திரி 1893-இல் அதை ஆராய்ந்து, இறந்தவர் பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார். உலகம் முழுவதிலும் இப்போது அந்தப் பெயர்தான். கல் நம்முடையது, பெயர் மட்டும் சமாதியில் இருப்பவருடையது! 'பல்லாவரைட்' என்று வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று நமக்கு அடிக்கடி தோன்றும்.

பையனைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று யோசித்து, ஒரு சனிக்கிழமை அவனையும் இன்னும் ஏழு பேரையும் மின்சார ரயிலில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது ஸ்டேஷனாகிய பல்லாவரத்தில் இறங்கினோம். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, பல்லாவரத்துப் பட்டாளத்து மைதானத்தில், செம்பூராங்கல் சரளை தோண்டிய குழி ஒன்றில், ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது ஆதி மனிதன் கையால் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அறிஞர் உலகம் ஒப்புக்கொண்ட முதல் சாட்சி அதுதான். அந்தக் குழி எங்கே என்று ஒரு மணி நேரம் அலைந்தோம். மதில்களும் வீடுகளும் தென்பட்டனவே தவிர, குழி தென்படவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஆளுக்கு ஒரு இளநீர் குடித்துவிட்டு எழும்பூர் மியூசியத்துக்கு வண்டி ஏறினோம்.

1851-இல் தொடங்கிய அந்த மியூசியத்துக்குத்தான் 1904-இல் சென்னை அரசாங்கத்தார் பூட் துரையின் சேகரிப்பை விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். சுமார் நாற்பது வருஷம் தென்னாடெங்கும் அலைந்து பொறுக்கியவை. அவற்றுக்கு அவர் எழுதிய ஜாபிதா, அவர் காலமான பிறகு 1914-இலும் 1916-இலும் புத்தகங்களாக வெளிவந்தது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்பதற்கு அதில் கணக்கு இருக்கிறது.

பையன்களுக்கு இது பெரிதாகப் படவில்லை. நமக்குப் பட்டது. அதற்குக் காரணம் உண்டு.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால், வேறொரு பள்ளிக்கூடத்தில், நாமும் ஒரு மர பீரோ நிறையக் கற்கள் சேர்த்து வைத்திருந்தோம். கோடை விடுமுறையில் வெள்ளையடிக்க வந்த ஆட்கள் பீரோவைக் காலி செய்து, கற்களை வராந்தாப் பள்ளத்தை நிரப்பப் போட்டுவிட்டார்கள். "கல்தானே சார், வேறே பொறுக்கிக்கொண்டால் போகிறது" என்று ஆறுதல் சொன்னார்கள். சிமெண்டுக்கு வெளியே மூன்று கற்கள் மிஞ்சின. ஆனால், அவற்றில் ஒட்டியிருந்த சீட்டுகள் போய்விட்டன. எது எந்த ஊரில் எடுத்தது என்று இன்று வரை நமக்குத் தெரியவில்லை. கல்லாய்ச் சமைந்த கிளிஞ்சல்தான். ஆயினும் ஊர் பேர் தெரியாத கிளிஞ்சலை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? அதற்குப் பிறகு நாம் எதையும் சேர்க்கவில்லை. பையன் கொண்டுவந்த முட்டைக்கு அவ்வளவு வறட்டுப் பதில் சொன்னதற்கு அந்தப் பழைய மனஸ்தாபமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மியூசியத்திலிருந்து திரும்பும்போது பையன், "அப்படியானால் நம்ம ஊர்ப் பக்கம் டைனோஸார் காலத்துச் சாமானே கிடையாதா, சார்?" என்று கேட்டான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவன் நம்மிடம் பேசிய முதல் வார்த்தை அது.

உண்டு, ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர், படப்பை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ்ஸில் போனோம். ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்றும், மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த இடம் என்றும் அந்த ஊரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்த வட்டாரத்து மண்ணுக்கு அடியில் தட்டுத் தட்டாகப் பிளக்கும் வெளிறிய களிப்பாறை இருக்கிறது. அதைக் கண்டு எழுதியவரும் அதே பூட் துரைதான். அதற்குள் கிடந்த இலைத் தடங்களைப் பைஸ்ட்மாண்டல் என்ற அறிஞர் ஆராய்ந்து 1879-இல் வெளியிட்டார். ஈச்சங்கீற்றை ஒத்த அந்த இலைகள் டைனோஸார் காலத்துக்குரியவை. வயது 12 கோடி வருஷத்துக்கும் மேல்.

ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டிய மண் குவிந்து கிடந்தது. தோட்டக்காரப் பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "எடுத்துக்குங்க சாமி, மண்ணுக்குமா காசு?" என்றார். இரண்டு மணி நேரம் பிளந்து பார்த்ததில் கைவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு கீற்று அகப்பட்டது. பழுப்பு நிறத்தில், நடு நரம்பும் இரு பக்கத்துச் சிற்றிலைகளும் நேற்று அச்சடித்தது போல இருந்தன. கண்டெடுத்தவன் நம் முட்டைக்காரப் பையன் அல்ல, வேறொருவன். அவனோ, அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இதை டைனோஸார் தின்னிருக்குமா, சார்?" என்றான். "இதை மட்டும் தின்னவில்லை" என்றோம். இந்தத் தடவை அவனும் சிரித்தான்.

ஆசை அவ்வளவோடு நிற்குமா? பெற்றோர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, தை மாதத்து விடுமுறையில் அரியலூருக்கே கிளம்பிவிட்டோம். தாம்பரத்தில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம் கடந்து நேரே போய்ச் சேரலாம். அரியலூர், பெரம்பலூர் சீமை முழுவதும் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. காரைப் பக்கத்தில் பொட்டலாக வெடித்துக் கிடக்கும் களிமண் மேடுகள் அந்தக் கடலின் அடித்தரை. சாத்தனூரில், கரையிலிருந்து அடித்து வரப்பட்டு மூழ்கிய மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் அதைப் பற்றி எழுதியவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், பிற்பாடு 1951-இல் இந்தியப் பூதத்துவ இலாகாவுக்கு முதல் இந்தியத் தலைவராக வந்த தஞ்சை ஜில்லாக்காரர். அந்த மரத்தைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

இந்தச் சீமையின் கிளிஞ்சல்கள் நூற்று எண்பது வருஷத்துக்கு முன்பே கப்பல் ஏறியவை. கே, கன்லிப் என்ற இரண்டு துரைகள் சேகரித்து அனுப்ப, லண்டனில் எட்வர்டு போர்ப்ஸ் 1846-இல் அவற்றை வர்ணித்தார். பிறகு ப்ளான்போர்டு சீமை முழுவதையும் அளந்தார். ஸ்டோலிச்கா என்பவர் கல்கத்தாவில் உட்கார்ந்து நாலு பெரும் புத்தகம் எழுதினார். நம் ஊர்ப் பொருள் அவ்வளவும் அந்நியர் கைக்குப் போயிற்றே என்று வருந்துவது இயற்கைதான். ஆனால் அவர்கள் ஊர்ப் பெயரை எழுதி வைத்தார்கள். நம் வராந்தாவை நினைத்துக்கொண்டால் அவர்களை நிந்திக்க நமக்கு நா எழவில்லை.

கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் அனுமதி கேட்டு, ஒதுக்கித் தள்ளிய கழிவுக் குவியலில் தேடினோம். தேடுவானேன்? கல்லே சிப்பிதான். உள்ளங்கை அகலத்துக் கனத்த சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இவற்றைப் பொடி செய்து சுட்டுத்தான் அரியலூர் ஆலைகளில் சிமெண்டு செய்கிறார்கள். அப்படியானால் சேலையூரிலும் முடிச்சூரிலும் எழும்பும் மாடி வீடுகளின் சுவர்களில் ஏழு கோடி வருஷத்துக் கடல் இருக்கக்கூடும்! 'வீட்டுக்குள்ளேயே பாஸில் இருக்கு' என்று அம்மாவிடம் சொல்லப்போவதாக ஒரு பையன் துள்ளினான். சுருள் சுருளான அம்மோனைட் ஒன்றைப் பார்த்து, 'பாட்டி பூஜைப் பெட்டியில் இருக்கிற சாளக்கிராமம் மாதிரி இருக்கிறது' என்றான் இன்னொருவன். மாதிரி என்ன, கண்டகி நதிச் சாளக்கிராமமும் அந்த வர்க்கமே.

கடைசியாகக் கல்லமேட்டுக்குப் போனோம். பார்வைக்கு ஒன்றுமில்லை, முள்ளும் களிமண்ணும். யாதகிரி, அய்யாசாமி என்ற இந்தியப் பூதத்துவ அறிஞர்கள் இங்கேதான் ஒரு பிரம்மாண்டமான டைனோஸாரின் எலும்புகளைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். 'பிருஹத்காயோஸாரஸ்' என்று பெயரிட்டார்கள். பெருத்த சரீரமுடையது என்று பொருள். உலகில் நடந்த பிராணிகளில் இதுவே மிகப் பெரியதாக இருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

"எலும்பு எங்கே, சார்? எழும்பூரிலா?" என்று கேட்டான் நம் பையன்.

"எங்கும் இல்லை. மழையும் ஈரமும் பட்டுப் பொடிந்து போய்விட்டது."

பையன் களிமண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். "யாரும் எழுதி வைக்கவில்லையா?"

எழுதி வைத்தார்கள். அளந்தார்கள், படமும் பிடித்தார்கள். எலும்பு போன பிறகு, 'அது எலும்பே அல்ல, கல்மரம்' என்று சிலர் சொல்லத் தொடங்கியபோது, பழைய போட்டோப் படங்கள் 2022-இல் வெளியாகி அந்தச் சந்தேகத்துக்கு விடை தந்தன. இதையெல்லாம் அந்தப் பொட்டலிலேயே உட்கார்ந்து சொன்னோம். கூடவே, 2020-இல் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் குளம் தோண்டும்போது உருண்டைகள் கிடைத்து, ஊரெல்லாம் டைனோஸார் முட்டை என்று கொண்டாடி, பிறகு அவை அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட மண்கட்டிகள் என்று தெரிந்த கதையையும் சொன்னோம்.

"பெரியவங்களே ஏமாந்தாங்களா?" என்றான் பையன். அவன் முகத்தில் தோன்றிய திருப்தியை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது நம் வகுப்பில் மறுபடியும் ஒரு பீரோ இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதி, அதே எண்ணை நோட்டுப் புத்தகத்தில் ஊர், ஆழம், தேதி, எடுத்தவர் பெயரோடு பதிகிறோம். சீட்டு விழுந்தாலும் எண் விழாது. இதுவரை 41 உருப்படிகள். ஸ்ரீபெரும்புதூர் இலை பஞ்சு வைத்த டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஊர் தெரியாத பழைய மூன்று கற்களைத் தனியாக ஒரு தட்டில் வைத்து, நோட்டில் 'இடம்: தெரியாது' என்று நம் கையாலேயே எழுதினோம்.

நோட்டின் முதல் பக்கத்தை எழுதும் உரிமை முட்டைக்காரப் பையனுக்கு. மேஜைக்கு அடியில் கிடந்த கல்லை அவனே எடுத்துத் துடைத்து வைத்தான். 'எண் 1. சார்னோகைட் உருண்டை. பச்சைமலை அடிவாரம், அஸ்திவாரக் குழி, நாலடி ஆழம். முட்டை அல்ல' என்று எழுதி முடித்தவன், பேனாவைக் கையில் பிடித்தபடியே நம்மைப் பார்த்தான்.

"சார், 'ஆனால் பார்க்க அப்படியே முட்டை மாதிரி இருக்கும்'னு ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?"

சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். அந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான்.