பனி விடட்டும் என்று காத்திருந்தால்

டிசெம்பர் பிறந்ததும் எங்கள் பக்கத்தில் சைக்கிளெல்லாம் லயத்துச் சுவரில் சாய்ந்துவிடும். "பனி விடட்டும், மார்ச்சுல பாப்போம்" என்பார்கள். மார்ச்சில் ஏறிப் பார்த்தால் முதல் மேட்டிலேயே நாக்குத் தள்ளும். கொஞ்சம் பழகி வரும்போது மே, ஜூன் மழை. இப்படிக் கணக்குப் பார்த்தால் மலையகத்தில் சைக்கிளுக்கு ஏற்ற மாசமே கிடையாது. அதனால்தான் ரெண்டு வருசமாக நாங்கள் ஏழு பேர் குளிரிலும் விடுவதில்லை. ஏழு பேருக்கு நாலு சைக்கிள். சைக்கிள் கிடைக்காதவர்களுக்கு அன்றைக்கு ஓட்டம்.

எங்கள் குளிர் ஐரோப்பாக் குளிர் இல்லை. ஹட்டன் கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. ஜனவரி விடியலில் நுவரெலியாவில் 9, 10 பாகை வழமை. வானம் தெளிந்த சில ராத்திரிகளில் புல்லில் வெள்ளையாக உறைபனி விழும், கொழுந்து கருகிப்போகும். பனிக்காலப் பயிற்சி என்று யூடியூபில் தேடினால் வீட்டுக்குள்ளேயே ரோலரில் மிதிக்கிறவர்கள்தான் வருகிறார்கள். பத்தடிக் காம்பிராவில் ரோலரை வைத்தால் நாங்கள் எங்கே படுப்பது? அதோடு நம்முடையது ஈரக் குளிர். இங்கே ஆளைச் சாய்ப்பது நனைந்த பெனியன்தான்.

ஏறும்போது யாருக்கும் குளிராது. தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் மிதித்துப் பாருங்கள், பத்து நிமிசத்தில் வேர்த்து ஊற்றும். வினை இறக்கத்தில்தான். 8 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றரில் இறங்கினால் அடிக்கிற காற்றில் உடம்புக்கு 3 பாகை போலத் தெரியும். வேர்த்து நனைந்த உடம்பென்றால் இன்னும் மோசம். விரல் மரத்துவிட்டால் பிரேக்கைப் பிடிக்க வராது. ரிம் ஈரமாயிருந்தால் பிடித்தும் உடனே நிற்காது. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் இறந்த ரதல்ல குறுக்கு வீதி இந்தப் பக்கம்தான். அதால் நாங்கள் இறங்குவதே இல்லை. நேரம் போனாலும் பெரிய ரோட்டால் சுற்றித்தான் வருவோம். வளைவு வருமுன்னே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்வோம்.

அடுத்தது உடுப்பு. சைக்கிள்காரர்களுக்கென்றே விற்கிற காற்றுத் தடுப்பு ஜக்கட்டுகளின் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம். 2024இல் கூட்டியபோதும் தோட்டத்து அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. ஆனால் பனியிலும் தூறலிலும் நாள் முழுக்க நிற்கிற வித்தையை இங்கே யாரும் கடையில் வாங்கவில்லையே. காலையில் பெரட்டுக்குப் போகிற அம்மாமாரைப் பாருங்கள். உள்ளே பழைய சுவெற்றர், இடுப்பில் படங்கு, தலைக்கு மேலே பொலித்தீன். சூட்டைப் பிடிக்கிறது உள்ளே, தண்ணியைத் தள்ளுறது வெளியே. அதே கணக்குத்தான் எங்களுக்கும். உள்ளே மெல்லிய நைலோன் ஜேர்சி (பருத்தி பெனியன் வேர்வையைக் குடித்துவிட்டு நெஞ்சிலேயே ஒட்டிக் கிடக்கும்), மேலே சுவெற்றர். உச்சிக்கு வந்ததும் நெஞ்சுக்கு முன்னால் ரெண்டு தாள் வீரகேசரி. சிரிக்க வேண்டாம். அல்ப்ஸ் மலையில் டூர் டி பிரான்ஸ் வீரர்களே பத்திரிகையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஞாயிறு பதிப்பு கொஞ்சம் தடிப்பு, இன்னும் நல்லது.

எங்களில் ஒருவரின் அம்மாயி நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவர். "நனைஞ்சா பரவால்ல தம்பி, நனைஞ்சதோட நின்னுட்டுப் பேசிக்கிட்டிருக்காதீங்க" என்றார். அதிலிருந்து உச்சியில் செல்பி கிடையாது. பொலித்தீன் பையில் கொண்டுபோன காய்ந்த சட்டையை மாற்றிக்கொண்டு உடனே இறக்கம். வீட்டுக்கு வந்தால் துவைத்தது காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் போடுகிறோம். எங்கள் ஜேர்சிகளுக்கெல்லாம் விறகுப் புகை வாசம்.

நீண்ட தூரத்துக்கு உடம்பு பழகுவது மெதுவாக, அதிக நேரம் ஓடுவதில்தான். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் போதும். கியர் இல்லாத லுமாலாவில் மேடு ஏறிக்கொண்டு பேசவா? அதனால் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்போம். அதில் வெக்கமில்லை. குளிரில் தாகம் தெரியாது, ஆனால் தண்ணி வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். பிளாஸ்க்கில் சீனி கூடப் போட்ட இஞ்சிப் பிளேன்டீ, பொட்டலத்தில் தேங்காய் ரொட்டி.

நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சு பழகட்டும் என்று நாட்டின் தூர ஓட்டக்காரர்கள் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்கள் பஸ் ஏறி வருகிற உயரத்தில்தான் நாங்கள் பிறந்தே கிடக்கிறோம். 5,000, 10,000 மீற்றரில் தேசிய மட்டத்தில் வென்ற குமார் சண்முகேஸ்வரன் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. அவர் ஓடுவது இராணுவ அணிக்காக. அதைக் குறையாகச் சொல்லவில்லை. படையில் சேர்ந்தால் சம்பளமும் சாப்பாடும் பயிற்றுநரும் கிடைக்கும். தோட்டத்திலேயே இருந்துகொண்டு ஓட நினைக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் யார் கொடுப்பது? எங்களிடம் பதில் இல்லை, நாலு சைக்கிள்தான் இருக்கிறது.

எங்களில் ரெண்டு பேர் பெண்கள். அவர்களுக்குக் குளிர் ரெண்டாவது பிரச்சினை. "விடியமுன்ன பொம்பளப் புள்ளைக்கு ரோட்டுல என்ன வேல?" என்று லயத்தில் கேட்டார்கள். கேட்டவர்களின் வீட்டிலிருந்தே அதே பனியில், அதே ரோட்டில் பொம்பளைகள் பெரட்டுக்குப் போகிறார்கள். அதை யாரும் கேட்பதில்லை. சண்டை பிடிக்காமல் நேரத்தை மாற்றினோம். பெரட்டுக்குப் போகிற அம்மாமாரோடு சேர்ந்தே அவர்களும் கிளம்பி, கொழுந்து மடுவம் வரை நடந்து, அங்கேயிருந்து ஓட்டம். ஞாயிறுகளில் வெயில் வந்த பிறகு எல்லோருமாகச் சைக்கிள். போன மாசம் அந்த ரெண்டு பேரில் சின்னவள் கொட்டகலையிலிருந்து நானுஓயா வரை போய்த் திரும்பினாள். நாலாவது சைக்கிளின் சீற்றை இப்போது யாரும் உயர்த்துவதில்லை, அவளுடைய உயரத்திலேயே விட்டிருக்கிறோம்.