உள்ளே கப்பி, மேலே கப்பி

கடலுக்கு ஒளி தருபவன் கதிரவன். கண்ணாடித் தொட்டிக்குள் அடங்கிய சின்னக் கடலுக்கோ ஒரு குழல் விளக்குதான் கதிரவன். கதிரவன் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதை இறைவன் அன்றே அமைத்துவிட்டார். குழல் விளக்கு எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று பார்க்கும் வேலை இவ்வாண்டு எங்கள் ஐவருக்கு வாய்த்தது.

எங்கள் அறிவியல் ஆய்வகத்து மீன் தொட்டியைப் பெற்றோர் பலரும் கண்டிருப்பீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். அதில் ஏறத்தாழ 60 லிட்டர் நீர் நிற்கிறது. நீரின் எடை மட்டுமே 60 கிலோ! உள்ளே வண்ண வாலாட்டும் கப்பி மீன்களும், நாடா போன்ற நீர்ச்செடிகளும் உள்ளன. கொசுப் புழுக்களைத் தின்று தீர்ப்பதால் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறார்களே, அதே கப்பி மீன்தான்.

முன்பு விளக்கு, தொட்டியின் மூடிக் கண்ணாடி மேலேயே கிடந்தது. அதனால் மூன்று தொல்லைகள். ஒளி மிக அருகிலிருந்து விழுந்ததால் கண்ணாடியெங்கும் பச்சைப் பாசி படர்ந்தது. மூடியின் ஓரத்தில் கோத்த நீர்த்துளிகள் விளக்கின் முனைகளை நனைத்தன. மூன்றாவது தொல்லைதான் பெரிது. தொட்டியைத் துடைக்கும் ஆய்வக உதவியாளர் அக்கா ஒவ்வொரு முறையும் ஒரு கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்ய வேண்டியிருந்தது. “வெளக்கு ஒரு கையில, வலை ஒரு கையிலன்னா, நான் எந்தக் கையால தொடைக்கிறது பாப்பா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அந்த விளக்கு ஈரக் கையிலிருந்து நழுவி, பாதி நீருக்குள் அமிழ்ந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது அக்காவின் வழக்கம். ஆகவே ஒன்றும் நேரவில்லை. அவர் விளக்கை எடுத்துத் துணியால் துடைத்து வெயிலில் வைத்தார். அருகில் நின்ற நாங்கள்தாம் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒருவருடைய நல்ல பழக்கத்தை மட்டும் நம்பி இருப்பது சரியா?

அறிவியல் சிஸ்டரிடம் சென்று, விளக்கை உயர்த்திக் கட்ட அனுமதி கேட்டோம். “வழி தேடுங்கள். ஆனால் படம் வரைந்து காட்டிய பிறகே கை வைக்க வேண்டும்” என்றார் சிஸ்டர். நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

முதல் வழி, விளக்கின் இரு முனைகளுக்கும் கால் வைப்பது. நான்கு அங்குல மரத்துண்டு இரண்டு போதும். செலவும் இல்லை. ஆனால் துடைக்கும்போது விளக்கைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? தொல்லை குறையுமே தவிரத் தீராது.

இரண்டாவது வழி, பி.வி.சி. குழாயில் ஒரு சட்டம். தமிழின் ‘ப’ எழுத்தைக் கவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. இரு கால்களையும் மேசைக் கால்களோடு இறுகக் கட்டிவிட்டு, மேல் குறுக்குக் குழாயில் விளக்கைத் தொங்கவிடலாம். கூரையில் ஆணி அடிக்க முடியாத வாடகை வீட்டுக்கு இது மிக ஏற்றது. ஆனால் குறுக்குக் குழாய் நீளமானால் நடுவில் தொய்யும். உயரத்தை நினைத்தபடி மாற்றவும் முடியாது.

உயரத்தை மாற்ற வேண்டிய தேவை என்ன என்று கேட்பீர்கள். சிதம்பரத்துக்கு அருகே பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த மையம் அது. கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தி பூவைப் போலத் தோன்றினாலும் ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு உணவு சமைத்து, தம்மைத் தாங்கும் சாமந்திக்கும் ஊட்டுகின்றன. ஆகவே சாமந்திக்கு வலிய ஒளி வேண்டும். எங்கள் கப்பிகளுக்கோ மிதமான ஒளி போதும். உள்ளே வாழ்வது யார் என்பதைப் பொறுத்தே விளக்கின் உயரம் அமைகிறது. செடி வளர வளர அதுவும் மாறும்.

இதில் பாடப் புத்தகக் கணக்கும் உண்டு. புள்ளி போன்ற பல்பு என்றால், தொலைவை இரு மடங்காக்கும்போது ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும். தொட்டியளவு நீண்ட குழல் விளக்கை அருகே வைத்தால் அப்படியில்லை. ஏறக்குறையப் பாதியாகத்தான் குறையும். ஆகவே சில அங்குலம் உயர்த்துவதால் தொட்டி இருண்டுவிடாது. அதிகம் உயர்த்தினால் ஒளி பக்கவாட்டில் சிந்திப் பார்ப்பவர் கண்ணைக் கூசச் செய்யும்.

மூன்றாவது வழியை நம் முன்னோரே காட்டியிருக்கிறார்கள். கோயில்களின் சரவிளக்கும், ஆலயப் பீடத்தருகே எரியும் அணையா விளக்கும் சங்கிலியில் தொங்குபவை அல்லவா? எண்ணெய் வார்க்க இறக்கலாம், பிறகு ஏற்றலாம். எங்களில் இருவர் சிதம்பரத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வருபவர்கள். அவர்களில் ஒருத்தியின் பெரியம்மா வீட்டில், கூரையில் கப்பி மாட்டித் துணி உலர்த்தும் கம்புகளை ஏற்றி இறக்குகிறார்கள். மழைக்காலத்தில் அது பெரிய உதவி. “துணி ஏறினால் விளக்கு ஏறாதா?” என்றாள் அவள். சிஸ்டர் படத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

சிதம்பரம் மேல வீதிக்கு அருகே ஒரு கடையில் பொருள்களை வாங்கினோம். சிறிய கப்பிகள் மூன்று, நைலான் கயிறு, துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி, கயிற்றைச் சுற்றிக் கட்ட இரட்டைக் கொம்புக் கொக்கி ஒன்று. எல்லாம் சேர்த்து 640 ரூபாய். சாதாரண இரும்புச் சங்கிலி விலை குறைவுதான். ஆனால் கடலூர் உப்புக்காற்று சன்னல் கம்பியையே அரித்துவிடுமே!

பெஞ்சு பழுதுபார்க்க வந்த தச்சர் தாத்தா, தேக்கு உத்திரத்தில் இரண்டு திருகு வளையங்களை இறுக்கித் தந்தார். “தெறந்த கொக்கி வேணாம்மா, காத்துல ஆடினா கழண்டுக்கும். மூடுன வளையமே போடுங்க” என்றார். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயலை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வூரில் காற்றை மறந்து எதையும் தொங்கவிட முடியாது. எங்கள் விளக்கின் எடை 1.8 கிலோ. ஆயினும் ஒவ்வொரு வளையத்திலும் பத்து கிலோ அரிசிப் பையை மூன்று நாள் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே விளக்கை ஏற்றினோம்.

விளக்கின் இரு முனைகளிலும் கட்டிய இரு கயிறுகள், உத்திரத்துக் கப்பிகள் வழியே சென்று, சுவரோரக் கப்பியில் ஒன்றுகூடிக் கீழே இறங்குகின்றன. நிலையான கப்பி எடையைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. கீழே இழுத்தால் விளக்கு மேலே போகிறது. எங்களுக்கு வேண்டியதும் அவ்வளவே.

கயிறு அறுந்தால் என்ன ஆகும்? இது சிஸ்டர் கேட்ட கேள்வி. ஆகவே உத்திரத்திலிருந்து விளக்கின் இரு முனைகளுக்கும் தனியே காப்புச் சங்கிலி போட்டோம். கயிறு இரண்டும் அறுந்தாலும், மூடிக் கண்ணாடிக்குப் பத்து சென்டிமீட்டர் மேலேயே சங்கிலி விளக்கைத் தடுத்து நிறுத்திவிடும். மின்கம்பியை எடை தாங்க விடவில்லை. சங்கிலியோடு தளர்வாகக் கட்டினோம். சுவரை அடையுமுன் அது பிளக்கை விடத் தாழ்வாக வளைந்து, பின் மேலேறுகிறது. கம்பி வழியே நீர் வழிந்து வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது. மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடு மின்பணியாளர் பொருத்தினார். அந்த வேலையில் நாங்கள் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

இப்போது விளக்கு மூடிக்கு இருபது சென்டிமீட்டர் மேலே, நாளுக்கு எட்டு மணி நேரம் எரிகிறது. பாசி குறைந்துவிட்டது. செடி தழைத்திருக்கிறது. உள்ளேயும் கப்பி, மேலேயும் கப்பி என்று சின்ன வகுப்புக் குழந்தைகள் பாட்டுக் கட்டிவிட்டார்கள். துடைக்கும் நாளில் அக்கா முதலில் பிளக்கைப் பிடுங்குகிறார், அந்தப் பழக்கத்தை விடவில்லை. பிறகு கயிற்றை இழுத்து விளக்கைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் வேலை செய்கிறார்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! பொதுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் இத்தொட்டியை உங்களிடம் விட்டுச் செல்கிறோம். மாதந்தோறும் முதல் வெள்ளியன்று கயிறு நைந்திருக்கிறதா, முடிச்சு தளர்ந்திருக்கிறதா, வளையம் அசைகிறதா என்று பாருங்கள். நைலான் கயிறு வழுக்கும். ஆகவே இரட்டை முடிச்சு போடுங்கள். மீதிக் கயிறு நான்கு அடி, ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.