வண்டி மேலே ஏறி வரும்வரை

பூண்டு அறுவடை முடிந்து, கட்டுகளைப் புகைமூட்டத்தில் தொங்கவிட்டிருந்த நாட்களில் வந்த அழைப்பு அது. கொடைக்கானல் மேல்மலையில் ஒரு கிராமம். "தம்பி நாலு நாளாத் தூங்கல சார். கதவச் சாத்திக்கிட்டான். உள்ள அரிவா இருக்கு. ஊரே கூடி நிக்குது, சீக்கிரம் வாங்க." பேசியவர் அண்ணன். மறுமுனையில் மனநல சமூகப் பணியாளர். மலைக் கிராமங்களுக்கு ஏறி இறங்குவதே பல வருடங்களாக அவருக்கு வேலை. அந்த மலையில் 'சீக்கிரம்' என்றால் எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பகலில், மழையும் மரம் விழுதலும் இல்லாவிட்டால், ஒன்றரை மணி நேரம்.

அரிவாளைப் பற்றி அவர் உடனே கேட்கவில்லை. "வாசல்ல எத்தனை பேரு நிக்கிறாங்க?" என்றுதான் கேட்டார். முப்பது பேர் இருக்கும் என்று பதில். "எல்லாரையும் அனுப்பிருங்க. அவன் மனசுக்குப் பிடிச்சவங்க ஒருத்தர் போதும். யாரு?"

சின்னம்மா, என்றார் அண்ணன்.

இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் காவலருக்குப் பதிலாக ஆயுதமில்லாத இருவரை அனுப்பும் முறை அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்து யூஜீன் நகரில் 1989இல் தொடங்கியது. கஹூட்ஸ் என்று பெயர். ஒரு மருத்துவ உதவியாளர், நெருக்கடியில் பேசத் தெரிந்த ஒருவர், ஒரு வேன். முப்பது வருடங்களுக்கு மேல் ஓடி, பணமில்லாமல் 2025 ஏப்ரலில் அந்த நகரில் நின்றுபோனது. அதைப் பார்த்து டென்வர் நகரம் 2020இல் தனக்கென்று ஒரு குழுவை அமைத்துக்கொண்டது. சமவெளி நகரங்களுக்கென உருவான குழுக்கள் இவை.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் அப்படி ஒரு வேன் இல்லை. இருப்பது 108 ஆம்புலன்ஸ். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்த வண்டியிலும் இருவர்தான்: ஓட்டுநர், மருத்துவ உதவியாளர். இருவர் கையிலும் ஆயுதம் கிடையாது. 2022 அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண் வந்தது. 'நட்புடன் உங்களோடு' என்று அரசு அதற்குப் பெயர் வைத்தது. நாடு முழுவதும் அதை டெலி மானஸ் என்கிறார்கள். எந்நேரமும் தமிழில் பேச ஆள் உண்டு. ஆனால் குரல் போய்ச் சேரும் வேகத்தில் வண்டி மலையேற முடியாது. ஏப்ரல், மே சீசனில் சுற்றுலா வண்டிகள் மலைப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. 2024 மே முதல் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கட்டாயமாக்கியதே அந்த நெரிசலைப் பார்த்துத்தான்.

ஆகவே இந்தப் பணியாளரின் தொழில், அங்கே ஏற்கெனவே நிற்கிறவர்களை ஒரு குழுவாக்குவது. போனில், சிக்னல் அறுந்து அறுந்து வர, ஒரு சின்னம்மாவைத் தயார்செய்வது. திண்ணையில உட்காருங்க, நிக்காதீங்க. வாசலுக்கு நேரா வேண்டாம், ஓரமா. அவன் வெளிய வரணும்னா வழி இருக்கணும். நீங்க மட்டும் பேசுங்க, வேற யாரும் நடுவுல பேசக் கூடாது. சாப்பிட்டியா, தண்ணி வேணுமா, அது போதும். அவன் காதில் கேட்கும் குரலை இல்லையென்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். அரிவாளைப் பிடுங்கப் போகவே கூடாது.

"வேற பேசாம எப்படி சார் உக்காந்திருக்கிறது?" என்று கேட்டார் சின்னம்மா. கையில் வேலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பணியாளர். அந்த அம்மா ஒரு கட்டுப் பூண்டை மடியில் போட்டு உரிக்க ஆரம்பித்தார்.

பணியாளர் இன்னொரு கேள்வியும் தவறாமல் கேட்பார்: வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? பூண்டும் உருளையும் கேரட்டும் விளையும் மலையில் அது இல்லாத வீடு குறைவு. தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் சென்னையில் சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொதுவான ஓரிடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நெருக்கடி மனதை அழுத்தும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே ஓர் உயிரை மீட்டுவிடும். மேல்மலையில் அப்படி ஒரு பூட்டிய அறை ஊருக்கொன்று வரவேண்டும் என்று பணியாளர் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

சொல்லிக்கொண்டே இருக்கும் இன்னொன்று, ஒரு பெயர். கொடைக்கானலின் காட்சிமுனை ஒன்றில் கிரீன் வேலி வியூ என்று பலகை வைத்தாகிவிட்டது. ஆனாலும் 'சூசைடு பாயிண்ட்' என்ற பழைய பெயரைச் சொல்லித்தான் சிலர் வண்டியை நிறுத்துகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு ஊரைத் தேடி வருகிறவர்களும் உண்டு என்பது அவர் கவலை. டாக்சி ஓட்டுநர்களிடம் அவர் கேட்பது எளிது: புதுப் பெயரைச் சொல்லுங்கள், தனியாக ஒருவர் வந்து, திரும்பும் நேரம் சொல்லாமல் இறங்கினால், டீ சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள்.

சுற்றுலா வருகிறவர்களில் போதைக் காளான் தின்றுவிட்டு, விடுதி அறையில் மிரண்டு கிடக்கும் பிள்ளைகளின் அழைப்பு வேறு வகை. போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் நண்பர்கள் உண்மையை மறைப்பார்கள். அவர்களிடம் பணியாளர் சொல்வது: விளக்கைக் குறை, பாட்டை நிறுத்து, தனியாக விடாதே, என்ன தின்றான் என்பதை மட்டும் மறைக்காதே. காய்ச்சலோ வலிப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கயிறு பற்றிச் சொல்லியாக வேண்டும். வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். கால் முறிந்தவர் டோலியில் கிடப்பார். மிரண்டவர் கிடக்க மாட்டார், எனவே கட்டுவார்கள். கொடுமைக்காரர்கள் அல்ல, பள்ளத்தில் விழுந்துவிடுவானே என்று பதறும் அண்ணன் தம்பிகள். ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரில் பலரையும் அவர்கள் குடும்பம்தான், குணமாகட்டும் என்று கொண்டுபோய் விட்டிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்தது. காவலர்கள் பாதுகாப்பில் எடுக்கும் நபரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. அதே சட்டத்தின் 94ஆம் பிரிவில் பணியாளருக்கு மிகவும் பிடித்த ஒரு விளக்கம் உண்டு: மனநல நிலையத்துக்கு ஏற்றிச் செல்வதும் அவசர சிகிச்சையில் அடங்கும். பயணமே சிகிச்சை என்றால், கட்டி ஏற்றுவதும் பொய் சொல்லி ஏற்றுவதும் தவறான சிகிச்சை என்று அவர் எடுத்துக்கொள்கிறார்.

பொய்யை அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பணிக்கு வந்த புதிதில், "பழனிக்குப் போறோம், முருகனப் பாத்துட்டு வந்துரலாம்" என்று ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றி, நேராக மருத்துவமனையில் இறக்கினார். அந்தப் பெண் குணமாகி ஊர் திரும்பினார். ஆனால் அடுத்த முறை நோய் திரும்பியபோது எந்த வண்டியிலும் ஏற மறுத்தார், கோயிலுக்கும்கூட. அந்த மறுப்பில் போன இரண்டு மாதங்களை அவர் தன் கணக்கில்தான் எழுதியிருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் போகுமிடத்தை உள்ளபடி சொல்கிறார். ஆஸ்பத்திரி. ஊசி போடலாம். உன்கூட இன்னார் வருவாங்க.

பூண்டு உரித்த சின்னம்மாவும் அதையேதான் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவு நாலு விரல் திறந்தது. "தோல இங்க போடாத, காத்துல பறக்குது" என்றான் உள்ளேயிருந்தவன். சின்னம்மா முறத்தை எடுத்து வந்து தோலை அதில் போட்டார். கடுங்காப்பி கேட்டான். அரிவாளை அவனே கூரை எரவாணத்தில் சொருகினான். அதை எடுத்துத் தூரப் போட அண்ணனுக்குக் கை துடித்தது, பணியாளர் போனிலேயே தடுத்தார்.

108 வந்தபோது அதை ஊர் எல்லையிலேயே சைரன் இல்லாமல் நிற்கச் சொன்னார்கள். மருத்துவ உதவியாளர் நடந்து வந்து, பெயர் சொல்லி, திண்ணையின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இளைஞன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: படுக்க மாட்டேன், உக்காந்துதான் வருவேன். சரி என்றார். மலையடிவாரத்துக் காட்ரோடு வரைக்கும் வளைவுக்கு வளைவு அவன் சின்னம்மா தோளில் சாய்ந்து வந்தான். பெருமாள்மலை தாண்டியதும் நாலு நாளில் முதல் தடவையாக அவன் கண் அசந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.