பென்சிலும் பேனாவும்

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை ஏறிவிடும். பிரெஞ்சுப் பொதுவிருது டென்னிஸ், ஆண்கள் ஒற்றையர், 128 பெயர்கள். யார் எந்தச் சுற்றுவரை போவார் என்று அப்பா பேனாவால் எழுதுவார், நான் பென்சிலால். தோற்றவர் ஞாயிற்றுக்கிழமை பசியாறைக்குப் பணம் கட்டவேண்டும்.

2024ல் குலுக்கல் முடிவைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தரநிலை பெற்ற 32 பேரை மூன்றாம் சுற்றுக்கு முன் மோதாதபடி பிரித்து வைப்பார்கள். மற்றவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் மாட்டலாம். காயங்களால் தரவரிசையில் 275க்கு இறங்கியிருந்த நடாலுக்கு முதல் சுற்றிலேயே வாய்த்தவர், நான்காம் தரநிலை ஸ்வெரெவ்.

அப்படியும் நான் நடால் என்றே எழுதினேன். அங்கே 14 முறை வென்றவர். ஆடிய 115 ஆட்டங்களில் தோற்றது மூன்றே மூன்று. மறுநாள் காலை வானொலியிலும் அதையே அடித்துச் சொன்னேன்.

2005லிருந்து நடால் பைத்தியமான அப்பா, ஸ்வெரெவ் என்று எழுதியிருந்தார்!

“அதெல்லாம் பழைய கணக்கும்மா. இந்த மாசம் ரோம்ல என்ன நடந்துச்சுன்னு பாரு.”

பார்த்தேன். அதே களிமண் தரை. நடால் இரண்டாம் சுற்றில் ஹுர்காஸிடம் 6-1, 6-3 என்று தோற்றார். கிண்ணத்தைத் தூக்கியவர் ஸ்வெரெவ்.

ஆட்டத்தன்று பாரிசில் மழை, கூரையை மூடிவிட்டார்கள். ஈரம் ஏறிய களிமண்ணில் பந்து அவ்வளவாக எழும்பாது. எதிராளியின் தோளுக்கு மேல் எகிறும் பந்துதானே நடாலின் ஆயுதம். இருந்தும் இரண்டாம் செட்டில் 5-4 என்று முந்தி, செட்டை முடிக்க சர்வ் போட வந்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அதுவும் நழுவியது. 6-3, 7-6, 6-3.

அப்பா தொலைக்காட்சியை அணைக்கவில்லை.

“உங்க ஆளுக்கு எதிரா எப்படிப்பா எழுத மனசு வந்துச்சு?”

“ஆசைப்படறது வேற, கணக்கு வேற.” சற்றுப் பொறுத்து, “அடுத்த மாசம் டாக்சியைத் திருப்பிக் கொடுத்துடறேன். ராத்திரியில எதிர்ல வர்ற லைட்டு கண்ணைக் கூசுது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல” என்றார்.

31 ஆண்டுகளாக ஓட்டியவர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், “உங்களுக்கென்னப்பா, இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஜூலை முதல் ஞாயிறு, தேக்காவில் தோசை. பணம் நான்தான் கட்டினேன். எம்ஆர்டியில் போய் வந்தோம்.