குழந்தைக்கேற்ற மலையூர்

என் சொந்த ஊர், கேரளத்தின் தென்கோடியில் பாறசாலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். வீட்டிலிருந்து களியக்காவிளை எல்லைக்கு நடந்தே சென்றுவிடலாம். கடையில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்தவள் நான். இப்போது வட இந்தியாவில் ஒரு மத்தியப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டுக்கு இருமுறையே ஊருக்குச் செல்ல முடிகிறது.

என் தம்பிக்கு ஏப்ரல் மாதம் பெண் குழந்தை பிறந்தது. கோடை விடுமுறையில் நான் கையில் ஏந்தியபோது அவள் கண்ணை மூடி உறங்கிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் மீண்டும் சென்றபோது அவளுக்கு எட்டு மாதம் நிறைந்திருந்தது. ஆவலோடு கையை நீட்டினேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வீறிட்டு அழுதபடி தாயின் தோளில் முகம் புதைத்தாள். அந்த வயதில் புதுமுகம் கண்டு அஞ்சுவது இயல்பே. இருப்பினும், நான் அவளுக்குப் புதுமுகம் என்பது என் நெஞ்சை வருத்தியது.

என் விடுமுறை பத்து நாள். தொடர்வண்டியில் வர இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். எஞ்சிய ஆறு நாளுக்குள் அவள் என்னை அறிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் ஒரு மலையூருக்குச் சென்று, மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் நடந்து வரலாம் என்று கூறினேன். உறவினர் வருகையும் வீட்டு வேலையும் இல்லாத இடத்தில் குழந்தை என்னோடு பழகுவாள் என எண்ணினேன்.

நான் முதலில் நினைத்த இடம் மூணாறு. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இணைக்கவேண்டும் என்று தமிழர் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் எங்கள் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றன. மூணாறு அந்தத் தேவிகுளம் வட்டத்தில் உள்ளது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் அம்மலையைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“மக்களே, நீ சொல்வது உனக்கு ஏற்ற ஊர். பிள்ளைக்கு ஏற்ற ஊர் எது?”

எங்கள் பகுதியில் ஒரே பிள்ளையையும் ‘மக்களே’ என்றுதான் அன்போடு அழைப்பார்கள். அந்த அழைப்பில் கண்டிப்பும் கலந்திருந்தது. நான் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டேன்.

மூணாறு எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சாலை நெடுகிலும் வளைவுகள். ஒரு பகல் முழுவதும் பயணம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் மேலே சென்றால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மூணாறோ 1,500 மீட்டருக்கும் உயரமானது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்குப் புல்வெளிகளில் உறைபனி படியும் நாள்களும் உண்டு. எங்கள் குழந்தையோ மின்விசிறிக் காற்றில் உறங்கிப் பழகியவள்.

குழந்தை மருத்துவரிடமும் கேட்டோம். அவர் கூறிய ஒரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. “நடப்பவருக்கு உடல் சூடாகும், தூக்கிச் செல்லப்படும் குழந்தை அசையாமல் இருப்பதால் குளிர்ந்துவிடும். உங்களுக்கு வியர்க்கிறது என்று குழந்தையின் கம்பளியைக் கழற்றிவிடாதீர்கள். அவள் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்” என்றார். தடித்த ஓர் உடையைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவிப்பதே நல்லது என்றும், துணியில் கட்டித் தூக்கும்போது குழந்தையின் முகம் மூடாமலும் மோவாய் மார்பில் அழுந்தாமலும் இருக்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனிக்காலத்திலும் குழந்தைகளோடு நடப்பதற்காகவே பலர் செல்கின்றனர். அவர்களும் கொடுமுடிகளைத் தேடுவதில்லை. சுவிட்சர்லாந்தின் வெங்கன் என்னும் ஊர் 1,274 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குச் செல்லத் தொடர்வண்டி உண்டு. பொதுமக்களின் கார்களுக்கு வழியில்லை. நடப்போருக்காகப் பனியைச் செப்பனிட்ட பாதைகளும் உண்டு. பனியானாலும் மூடுபனியானாலும் பார்க்கவேண்டியவை ஒன்றே: எளிதில் சேரும் வழி, சமமான பாதை, சூடான அறை, அருகில் மருத்துவ உதவி.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தபோது எங்கள் மாவட்டத்திலேயே விடை கிடைத்தது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியின் அடிவாரத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரா வழியாக ஒரு முற்பகலில் சென்றுவிடலாம். விதுராவில் மருத்துவமனை உண்டு. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள் கல்லாற்றைக் கடந்த பிறகே தொடங்குகின்றன. தேவிகுளம் என்று எழுதியிருந்த தாளை மடித்து வைத்தேன். மனம் சற்றே கனத்தது.

கல்லாற்றில் உருண்டு திரண்ட பாறைகளுக்கு இடையே நீர் ஓடிக்கொண்டிருந்தது. மலைமேல் மழை பெய்தால் நீர் திடீரென உயரும் என்பதால் நாங்கள் ஆற்றில் இறங்கவில்லை. மீன்முட்டி அருவிக்குச் செல்லும் காட்டுப் பாதையில் கல்லும் வேரும் மிகுதி, அதையும் தவிர்த்தோம். கமுகும் இரப்பர் மரமும் நிழல் தரும் ஊர்ச்சாலையிலேயே நடந்தோம். முதல் நாள் குழந்தை என்னிடம் வரவேயில்லை. தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, நான் அவள் தொப்பியைப் பார்த்தபடி பின்னே நடந்தேன்.

இரண்டாம் நாள் காலை, “கார் ஏறும்வரை ஏறட்டும், மேலே ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்” என்று நான் வற்புறுத்தினேன். மேலே செல்லச் செல்ல மூடுபனி அடர்ந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே இறங்கினோம். கையில் பைகளோடு இருந்த தம்பியின் மனைவி, குழந்தையை முதன்முறையாக என்னிடம் கொடுத்தாள். அவள் அழ வாயெடுப்பதற்குள் காற்று சுழன்றடித்தது. பிடரியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

“இன்னும் சிறிது தொலைவுதான், அக்கா” என்றான் தம்பி. வற்புறுத்தி அழைத்து வந்தவள் நான் அல்லவா? என் மனம் நோகக்கூடாது என்று அவன் அவ்வாறு கூறினான்.

“வேண்டாம், திரும்புவோம்” என்றேன்.

காருக்குள் அமர்ந்து, முகம் வெளியே தெரிய, குழந்தையை என் மார்போடு அணைத்துக் கம்பளியால் போர்த்தினேன். முதல் சில வளைவுகளில் விசும்பினாள். பிறகு என் சேலை முந்தானையைப் பற்றிக்கொண்டாள். கல்லாறு வந்தபோது பிடரியில் வெதுவெதுப்பு திரும்பியிருந்தது, அவள் உறங்கிவிட்டாள். பொன்முடியின் உச்சியை நான் இன்றுவரை கண்டதில்லை.

மூன்றாம் நாள் மாலை நடக்கப் புறப்பட்டபோது, தம்பியின் தோளில் இருந்தபடியே அவள் என்னை நோக்கிக் கையை நீட்டினாள். ஒரு கிலோமீட்டர் போலத் தூக்கி நடந்திருப்பேன். வழியில் தென்பட்ட கோழி, பூனை, வாழைக்குலை ஒவ்வொன்றையும் தமிழில் பெயர் சொல்லிக் காட்டினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாணவர்களே, நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குச் செல்பவர்கள். உங்களைக் காண நாள் எண்ணிக் காத்திருப்போர் அங்கு உண்டு. வெகு நாள் கழித்துக் காணும்போது பேசக் கூச்சமாக இருக்கலாம். தமிழ்ச் சொற்கள் உடனே நாவில் வராமலும் போகலாம். அவர்களோடு சற்றுத் தொலைவு நடந்து பாருங்கள். உங்களுள் மிகச் சிறியவருக்கும் மிக முதியவருக்கும் எந்தப் பாதை ஏற்றதோ, அதையே தேர்ந்தெடுங்கள்.

நான் வடக்கே புறப்பட்ட அன்று, அம்மா வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “அத்தைக்குக் கை காட்டு, மக்களே” என்றார். இம்முறை அந்த அழைப்பு எனக்கானது அன்று. குழந்தை கை காட்டவில்லை; என்னிடம் வருவதற்காக அழுதாள்.