திறப்பு யாரிடம்: பெரியநீலாவணை நாட்குறிப்பு

டிசம்பர் 17, 2024, செவ்வாய்

துபாய்க் கம்பனியிடம் இருந்து இன்று வந்த கிரிப்டோ வொலட் செயலியின் வரைபில் முதலாவது திரையே அடையாள அட்டையைப் படமெடுக்கச் சொல்கிறது. பிறகு முகம், பிறகு தொலைபேசி இலக்கம். எல்லாம் முடிந்த பிறகுதான் வொலட்டின் திறப்பான பன்னிரண்டு சொற்கள். இந்த ஒழுங்கை மாற்றினால்தான் தமிழ்த் திரைகளை எழுதத் தொடங்குவேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.

இந்த வொலட்டில் திறப்பு பாவிப்பவரிடம் மட்டுமே இருக்கும். கம்பனியிடம் பிரதி இல்லை. கம்பனி நாளைக்கே மூடினாலும் அவருடைய காசு அசையாது. ஆனால் அவர் திறப்பைத் தொலைத்துவிட்டால் கம்பனியாலும் எடுத்துக்கொடுக்க ஏலாது. இப்படியான ஒன்றின் வாசலிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டால் எங்கட சனம் என்ன நினைக்கும்? வங்கியிலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். "என்ட ஐடி அவங்கட்ட இரிக்குதானே, தொலைஞ்சா போய்க் கேக்கலாம்" என்றுதான் நினைக்கும். கேட்கப் போவதற்கு ஒரு கந்தோர் இல்லை என்பது காசு போன பிறகுதான் தெரியவரும்.

அடையாளம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ரொக்கத்தை நாணயமாகவும் நாணயத்தை ரொக்கமாகவும் மாற்றும் இடம். கறுப்புப் பணத்துக்கு எதிரான சர்வதேச அமைப்பு, மாற்றிக்கொடுக்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளரை அடையாளம் காணவேண்டும் என்று 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கதவில் கேட்கட்டும். ஒருவர் தன் திறப்பைத் தானே வைத்திருப்பதற்கு அட்டை எதற்கு?

இது கல்முனைக் கடைத்தெருவுக்காகச் செய்யும் செயலியும் இல்லை. இலங்கை மத்திய வங்கி இப்படியான எந்தத் தொழிலுக்கும் அனுமதி கொடுக்கவில்லை. வங்கி அட்டைகளால் இதற்குக் காசு கட்டுவதையும் 2021இல் நிறுத்திவிட்டது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழ் பேசுகிறவர்களுக்குத்தான் இது. ஊரில் நான் சோதித்துப் பார்ப்பதெல்லாம் பெறுமதி இல்லாத சோதனை நாணயத்தில். பிட்கொயின் இந்த மாதத் தொடக்கத்தில் 1,00,000 டொலரைத் தாண்டியதில் இருந்து சந்தியில் நிற்கிற பொடியன்மார் "வாங்கலாமா ராத்தா" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கிரிப்டோ என்ற பெயரில் நடந்த ஸ்போர்ட்ஸ் செயின், மத்திய வங்கியின் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. அதில் காசு போட்டவர்களின் கையில் திறப்பு எதுவும் இருக்கவில்லை, திரையில் ஏறுகிற ஒரு எண்தான் இருந்தது.

டிசம்பர் 18, புதன்

உம்மாவை இருத்தி அடையாளத் திரைகளைச் செய்யவைத்தேன்.

அவவின் அட்டை பழையது. ஒன்பது இலக்கம், கடைசியில் ‘வி’. 2016இல் இருந்துதான் பன்னிரண்டு இலக்கம் வந்தது. எங்கள் படிவம் அதை மட்டும்தான் ஏற்கிறது. பழைய இலக்கத்தைப் போட்டதும் சிவப்புக் கோடு. "என்ட ஐடி கள்ள ஐடியா மனே?" என்று கேட்டா. அந்தச் சிவப்பை எடுக்கவேண்டும்.

பெயரில் வந்தது இன்னும் பெரிய சிக்கல். அட்டையில் சிங்களத்திலும் தமிழிலும் பேனாவால் எழுதிய பெயர். உம்றாவுக்கு எடுத்த பாஸ்போட்டில் ஆங்கிலத்தில் ‘எஃப்’ எழுத்தில் தொடங்குகிறது, வங்கிப் புத்தகத்தில் ‘பீ’ எழுத்தில். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வேறு. உம்மாவுக்குக் குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயர் முன்னால் வரும். இந்தக் கரையில் ஏறத்தாழ எல்லாருக்கும் அப்படித்தான். ‘அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி போதும். எழுத்து பொருந்தாவிட்டால் இயந்திரம் நிராகரிக்காமல் ஒரு ஆளிடம் அனுப்பவேண்டும்.

பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் தனியாகக் கேட்கிறோம். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூடும். இலக்கத்துக்குள்ளேயே இருப்பதை எதற்காக மறுபடி கேட்பது? அதே காரணத்துக்காக அந்த இலக்கத்தைத் திரையில் முழுசாகக் காட்டவும் கூடாது.

கமெரா திறந்ததும் உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இந்தப் படம் ஆருக்குப் போகுது?" என்றா. அதற்குப் பதில் ஏதோ ஒரு நிபந்தனைப் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. கமெரா திறப்பதற்கு முன்னால், பெரிய எழுத்தில் வரவேண்டிய பதில் அது: யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள். ஒருமுறை சரிபார்த்த பிறகு, அட்டையின் படத்தை எங்கும் வைத்திராமல், ‘இவர் சரிபார்க்கப்பட்டவர்’ என்று கையொப்பமிட்ட ஒரு சான்றை அவருடைய போனிலேயே கொடுத்துவிடலாம். இதற்கு இணையத் தர அமைப்பு 2019இல் வெளியிட்ட தரமே இருக்கிறது. அதைப் பாவிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு மருதமுனை மாமி வந்தா. தறியில் இருந்த கை. நூல் எண்ணியே பழகினவ, ஒன்றும் தவறமாட்டா. அவவிடம் பன்னிரண்டு சொல்லைப் பார்த்தெழுதக் கொடுத்தேன்.

இந்தச் சொற்கள் 2013இல் வந்த ஒரு தரத்தின்படி 2,048 சொல் உள்ள பட்டியலில் இருந்து வருகின்றன. ஜப்பானியம், கொரியன், ஸ்பானியம், செக் மொழிகளில்கூடப் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலப் பட்டியலில் ஒரு வசதி: முதல் நான்கு எழுத்திலேயே ஒவ்வொரு சொல்லும் மற்றதில் இருந்து பிரிந்துவிடும். ஆகவே இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவருக்கு நாலு பெரிய எழுத்தை மட்டும் காட்டினால் போதும். மாமி அச்சு மாதிரி எழுதினா.

ஆனால் திரும்பப் போட்டபோது வொலட் திறக்கவில்லை. எழுத்தெல்லாம் சரி. பிறகுதான் தாளைப் பார்த்தேன். திரையில் சொற்கள் இரண்டு நிரலாக இருக்கின்றன, இலக்கம் மேலிருந்து கீழே ஓடுகிறது. மாமி நாம் எதையும் வாசிப்பதுபோல இடமிருந்து வலமாக எழுதியிருக்கிறா: ஒன்று, ஏழு, இரண்டு, எட்டு. சின்னதாகக் கிடந்த இலக்கங்களை அவ பார்க்கவே இல்லை. ஒழுங்கு மாறினால் அது வேறு திறப்பு. உண்மையான காசாக இருந்திருந்தால், எல்லாம் சரியாக எழுதிய ஒரு மனுசி எல்லாவற்றையும் இழந்திருப்பா. நிரல் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். எழுதி முடித்த கையோடு அந்தத் தாளைப் பார்த்துத் திரும்பப் போட்டுத் திறந்த பிறகுதான் காசு வாங்கும் முகவரியைக் காட்டவேண்டும்.

சொற்களுக்கு மேலதிகமாக ஒரு கடவுச்சொல்லையும் சிலர் வைப்பார்கள். அதைத் தமிழில் வைக்க விடுவதா என்று கேட்டிருந்தார்கள். இப்போதைக்கு வேண்டாம். ‘கௌ’ என்ற எழுத்தைச் சரியாகத் தட்டுகிறவரும் உண்டு. கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’வைத் தட்டுகிறவரும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறுவேறு. ‘கொ’வை ஒரே குறியாகவோ இரண்டாகப் பிரித்தோ தட்டும்போது வரும் வித்தியாசத்தை அந்தச் சொற்பட்டியலின் தரம் தானே சரிசெய்துகொள்ளும், ‘ள’வைச் சரிசெய்யாது. போன் மாற்றி விசைப்பலகை மாறுகிற அன்றைக்கு அந்த ஆள் வெளியே நிற்பார்.

டிசம்பர் 22, ஞாயிறு

"இவ்வளவு கரைச்சல் எதற்கு, கம்பனியே திறப்பை வைத்திருக்கட்டுமே" என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். கம்பனிகள் வைத்திருந்து என்ன ஆனது? 2014இல் டோக்கியோவில் மவுன்ட் கொக்ஸ், 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். இந்த ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸில் இருந்து ஏறத்தாழ 23 கோடி டொலர் போனது. அந்தச் சனம் இன்னமும் தங்கள் நாணயத்தை எடுக்க முடியாமல் சிங்கப்பூர் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரையில் காட்டிய விபரமும் உண்மையில் கையொப்பமாகிய விபரமும் வேறுவேறாக இருந்தன என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அனுப்பும் திரையை வரைகிற எனக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது.

டிசம்பர் 23, திங்கள்

என் ராத்தா வீட்டில் பேச்சு வேறு திசையில் போனது. மச்சான் கட்டாரில். "அவருக்கு ஒண்டு நடந்தா, வொலட்டில இரிக்கிற காசு புள்ளைகளுக்கு எப்பிடி வரும்?" என்று கேட்டாள்.

மௌத்தானவரின் சொத்து அல்லாஹ் விதித்த பங்குப்படி பிரியவேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய் தகப்பனுக்கும் பெண்மக்களுக்கும் உரியது உண்டு. கடனை முதலில் அடைக்கவேண்டும். திறப்பு அவரோடு கபுறுக்குப் போய்விட்டால் பங்கு வைக்க என்ன இருக்கும்? கடன் கொடுத்தவருக்கு என்ன பதில்? வொலட் செய்கிற கம்பனிகள் இதைப் பேசுவது குறைவு. எனக்கு இதுதான் நடுப்பகுதி.

ஒரு வழி இருக்கிறது. ஒரு இரகசியத்தைப் பல துண்டாக்கி, குறித்த எண்ணிக்கை சேர்ந்தால் மட்டும் திறக்கும்படி வைப்பதை அடி ஷமிர் 1979இலேயே எழுதிவிட்டார். இப்போதைய வொலட்களில் துண்டு இல்லாமலே செய்யலாம்: உரிமையாளர் சிலரைக் காவலர்களாக நியமிப்பார், அவர்களில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் புதிய போனுக்கு உரிமை மாறும். வழமையான நாட்களில் காவலரால் ஒரு சதத்தையும் தொட முடியாது. காவலராக இருப்பதால் பங்கு எதுவும் வராது என்பதையும் அதே திரையில் எழுதவேண்டும், இல்லாவிட்டால் மையித்து வீட்டில் சண்டை வரும்.

ராத்தா உடனேயே காவலர்களின் பெயரைச் சொன்னாள்: தான், உம்மா, மாமி.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமி வந்து இருபது வருடம். பள்ளியில் துஆ. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல்.

உம்மா இன்றைக்கு அந்த நாளைப் பற்றிப் பேசினா. வங்கிப் புத்தகம் போனது, அடையாள அட்டை போனது, அலுமாரியில் இருந்த நகை போனது. முகாமில் இருந்தபோது கிராம சேவகர் ஆளைப் பார்த்தே கடிதம் கொடுத்தார், அதை வைத்து அட்டை வந்தது, வங்கியில் பேரேடு இருந்ததால் புத்தகமும் வந்தது. நகைக்கு ஒரு பதிவும் இல்லை.

தானே வைத்திருக்கும் திறப்பு அந்த அலுமாரி நகைதான். அதைச் சொல்லாமல் ஒருவரை நான் இதற்குள் கூட்டிவர மாட்டேன்.

ராத்தா சொன்ன மூன்று பேரையும் நினைத்துப் பார்த்தேன். மூவரும் கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில். அன்றைக்கு ஒரே வளவில் இருந்த குடும்பங்கள் முழுதாகப் போயின. காவலர்கள் எல்லாரும் ஒரே தெருவில் இருந்தால் அது காவலே இல்லை. அக்குறணையில் இருக்கிற சாச்சாவோ, கொழும்பில் படிக்கிற தம்பியோ, தோஹாவில் கூட வேலைசெய்கிற கூட்டாளியோ ஒருவராவது இருக்கவேண்டும். காவலர் திரையில் இன்று ஒரு வரி சேர்த்தேன்: ‘இவர்களில் ஒருவராவது வேறு ஊரில் இருக்கிறாரா?’ ஆம் என்று சொல்லாமல் அடுத்த திரைக்குப் போக விடவில்லை. பன்னிரண்டு சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதக்கூடிய ஒரு தாளையும், அதை வெளியூரில் வைக்கச் சொல்லும் குறிப்பையும் நீக்கிவிட்டேன். காவலர் முறை இருக்கும்போது தாளை ஊர் ஊராக அனுப்புவது ஆபத்து.

டிசம்பர் 28, சனி

துபாயோடு நீண்ட பேச்சு. அடையாளத் திரைகளை, ரொக்கமும் நாணயமும் மாற்றும் கதவுக்கு நகர்த்த ஒப்புக்கொண்டார்கள். ஒற்றைப் பெயர்ப் பெட்டி, பழைய அட்டை இலக்கம், ஒற்றை நிரல், எல்லாம் சரி. வேறு ஊர்க் கேள்வியைக் கட்டாயமாக்க விருப்பமில்லை, பாவிப்பவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். ‘பிறகு சேர்க்கிறேன்’ என்று ஒரு பொத்தான் வைக்க நான் இணங்கினேன், ஒரு நிபந்தனையோடு: சேர்க்கும்வரை முகப்புத் திரையில் அந்தக் குறிப்பு மறையக் கூடாது.

முடியாமல் நிற்பது ஒன்று. காவலர்கள் ஒப்புக்கொண்டதில் இருந்து உரிமை மாறும்வரை எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும்? அவர்கள் 48 மணித்தியாலம் என்கிறார்கள். கப்பலில் இருப்பவருக்கு ஒரு கிழமைக்கு சிக்னல் இருக்காது. ஹஜ்ஜில் இருப்பவர் போனைப் பார்க்கவே மாட்டார். அந்த இடைவெளியில் காவலர்கள் கூடிக் களவெடுத்தால் தடுக்க அவருக்கு வழியில்லை. நான் ஏழு நாள் கேட்டிருக்கிறேன், பயணம் போகும்போது உரிமையாளரே கூட்டிக்கொள்ளும் வசதியோடு. திங்கட்கிழமை பதில் சொல்வார்கள். அதற்குள் ‘இதை நான் கேட்கவில்லை, நிறுத்து’ என்ற பொத்தானை வரைந்து முடிக்கவேண்டும். மாமியின் கண்ணுக்கும் எட்டுகிற அளவில், திரையின் நடுவில்.